மன்னருக்கு இடமில்லாத பலகை

உலகத்து மன்னர்களுக்கு எங்கள் தேதி வாத்தியாரைவிட விசுவாசமான குடிமகன் வாய்த்ததே இல்லை. எந்தக் கண்டத்தை எந்தக் காலத்தில் ஆண்டவராயினும், அவருடைய பிறந்தநாள் திண்டுக்கல்லில் தவறாமல் நினைவுகூரப்பட்டது. மன்னரின் பேரப்பிள்ளைகள் மறந்திருப்பார்கள். தேதி வாத்தியார் மறந்ததில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் தமிழாசிரியனாக இருந்த ஓட்டுக் கட்டடப் பள்ளியில் அவர் வரலாறு கற்பித்தார். பள்ளி வாசலில், மரக்கால்களின்மேல் சாய்த்து வைத்த கரும்பலகை ஒன்று நின்றது. நாள்தோறும் காலை மணி அடிப்பதற்கு முன், ‘இன்று’ என்று தலைப்பிட்டு அதில் மூன்று வரி எழுதுவார். இன்ன பேரரசர் பிறந்தார். இன்ன கோட்டை வீழ்ந்தது. இன்ன கப்பல் இன்ன கரையை அடைந்தது. இறைவணக்கம் முடிந்ததும் மேடையேறி அம்மூன்று வரியையும் நடித்தே காட்டுவார். ஏதேனும் ஒரு நாட்டு மன்னர் தலை துண்டிக்கப்பட்ட நாளாயின், சுண்ணக்கட்டியைத் தம் கழுத்தின் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வார். அந்த வெள்ளைக் கோட்டோடு மாலைவரை பாடம் நடத்துவார்.

பள்ளிக்கு வெளியிலும் அவர் ஓய்ந்ததில்லை. ஒருமுறை அவரோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன்.

“அண்ணாச்சி, இன்னிக்கு என்ன நாளு தெரியுமா?”

“வெள்ளிக்கெழம சார்.”

“அதில்ல. இன்னிக்குத்தான் ஒரு பெரிய சாம்ராஜ்யம் கவுந்துச்சு.”

“கவுந்தா கவுந்துட்டுப் போகுது. நீங்க பருப்பு எம்புட்டு வேணும்னு சொல்லுங்க.”

கல்யாண வீட்டில் நிலைமை இன்னும் மோசம். முகூர்த்த நாளைக் கேட்ட மாத்திரத்தில், அன்று மூழ்கிய கப்பல் அவர் நினைவில் மிதந்து எழும். சொல்லாமல் இருக்கவும் அவரால் இயலாது. பெண்ணைப் பெற்றவர்கள் அவருக்குப் பத்திரிகை கொடுக்கையில், “சார், சாப்புடுறதுக்கு மட்டும் வாயத் தொறங்க” என்று கேட்டுக்கொள்வதும் உண்டு.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கோடை விடுமுறைக்கு முந்திய நாள் புதிய எண்ணம் ஒன்று உதித்தது. மேடையில் அறிவித்தார்:

“வர்ற வருசத்துலருந்து, அன்னன்னிக்குப் பொறந்த பிள்ளைக பேரும் பலகையில ஏறும். மன்னர் பேருக்குப் பக்கத்துல உங்க பேரு! மேடைக்கு வந்தா ஆளுக்கொரு ஆரஞ்சு முட்டாய்.”

விடுமுறை கழிந்து ஜூன் முதல் நாள் பள்ளி திறந்தது. கையில் சிறு காகிதப் பொட்டலத்தோடு மேடையேறிய தேதி வாத்தியார், “இன்னிக்கு யாருக்குப் பொறந்த நாளு? கூச்சப்படாம வாங்க” என்று அழைத்தார்.

பள்ளிக்கூடமே எழுந்து வந்தது.

காரணம் எளியது. பள்ளியில் சேர வரும் பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வரலாம். அவ்வாறு காதைத் தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம், கணக்குக்கு வசதியாக, எங்கள் தலைமையாசிரியர் ஜூன் முதல் நாளையே பிறந்தநாளாக எழுதிவந்தார். ஜாதகம் எழுதி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் சிலரும், ஞானஸ்நானத்தின்போதே நாள் குறிக்கப்பட்ட கத்தோலிக்கப் பிள்ளைகளுமே திடலில் எஞ்சி நின்று, மேடையைப் பொறாமையோடு பார்த்தனர்.

பொட்டலம் கிழிந்தது. மிட்டாய்கள் மண்ணில் உருண்டன. அத்தனை பிறந்தநாள்களுக்கும் தந்தையான தலைமையாசிரியர் விரைந்து வந்தார்.

“என்ன சார் இது, சந்தக்கடையா?”

“சந்தையில்ல சார், அதிசயம்! இம்புட்டுப் பிள்ளைகளும் ஒரே நாள்ல பொறந்த ஊரு உலகத்திலேயே நம்ம ஊரு ஒண்ணுதான். பலகையில எழுதிறட்டுமா?”

“எழுதுங்க. எழுதின கையோட பலகைய வெறகாக்கி அடுப்புல வச்சிர்றேன். மன்னருங்களோட நிறுத்திக்கங்க சார். இனிமே ஒரு பிள்ளை பேரு அதுல ஏறுச்சு, பலகை இருக்காது.”

அவர் சொன்னதைச் செய்கிறவர். தேதி வாத்தியாரும் தலையசைத்துவிட்டார். கூட்டம் கலைந்த பின்னும் ஐந்தாம் வகுப்புப் பேச்சியம்மாள் மட்டும் மேடையருகே நின்றுகொண்டிருந்தாள்.

“முட்டாய் தீந்துபோச்சே தாயி” என்றார் தேதி வாத்தியார்.

“முட்டாய் வேணாம் சார். எல்லாருக்கும் ஒரே நாளுன்னா அது பொய்யில்ல? அப்ப நெசமா நான் என்னிக்குப் பொறந்தேன்?”

மன்னர்களின் பிறப்பைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர் “விசாரிச்சுச் சொல்றேன் தாயி” என்றதை அன்றுதான் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “கெளம்புங்க தமிழையா. ஒரு பொறந்த நாளைப் பிடிச்சுட்டு வருவோம்.”

ஊருக்கு வெளியே பூத்தோட்டத்தில் பேச்சியம்மாளின் தாய் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி சூசையம்மாள்.

“மக பொறந்தன்னிக்கு ஊர்ல என்ன நடந்துச்சும்மா? நெனச்சுப் பாத்துச் சொல்லு” என்று தொடங்கினார் தேதி வாத்தியார்.

“ஊர்லயா? எனக்குல்ல சார் நடந்துச்சு!” என்றாள் தாய். “காலையில பூப் பறிச்சுக்கிட்டு இருந்தேன். மழையின்னா அப்படி மழை. வலி வந்துருச்சு. கூடையை வச்சுட்டுப் போனேன். வேறென்ன நடக்கணும்?”

“மாசம்?”

“ஐப்பசி. முந்தின நாளுதான் இவ வீட்டுல ஞானஸ்நானச் சோறு தின்னேன்.”

சூசையம்மாள் நிமிர்ந்தாள். “ஏன், எஞ் சோத்தத் தின்னுதான் வலி வந்துச்சாக்கும்?”

“ஒஞ் சோறு கல்லையும் நகட்டும்டி.”

“கேளுங்க சார் இவ பேச்ச! எம்மவன் அருளுக்குத்தான் சார் அன்னிக்கு ஞானஸ்நானம். அந்தத் தேதி எனக்கு மறக்குமா?” என்று மாதத்தோடும் ஆண்டோடும் அதை ஒப்பித்தாள்.

அதற்கு மறுநாள் பேச்சியம்மாள் பிறந்தாள். அவ்வளவுதான் கணக்கு. தேதி வாத்தியார் வரப்பில் நின்றபடியே கைகொட்டினார். பிறகு அவர் முகம் வாடியது. அந்த நாள் அவர் உயிராக மதித்த பேரரசர் ஒருவரின் பிறந்தநாளுமாகும். ஆண்டுதோறும் அன்று முதல் பாடவேளையையே விழுங்கிவிடும் அளவுக்குப் பேசுவார். மன்னரை எழுதினால் பலகைக்குக் கேடில்லை. பேச்சியம்மாளை எழுதினாலோ, மறுநாள் முதல் பலகையே இல்லை. பலகை இல்லாத அவரை என்னால் எண்ணிப் பார்க்கக்கூட இயலவில்லை.

“பிள்ளைக்குத் தனியாக ஒரு மிட்டாய் கொடுத்துவிடுங்களேன்” என்றேன், திரும்பும் வழியில்.

“முட்டாய் குடுத்தா அது எந் தயவு, தமிழையா. பலகையில எழுதுனாத்தான் அது அவ நாளு.”

ஐப்பசி வந்தது. அந்த நாளும் வந்தது. காலையில் பள்ளி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பலகையில் அவருடைய திருத்தமான கையெழுத்தில் இருந்தவை இவைதாம்:

‘இன்று பேச்சியம்மாள் பிறந்தாள். அவளுடைய தாய் அன்று காலைவரை பூப் பறித்துக்கொண்டிருந்தாள். நல்ல மழை.’

தலைமையாசிரியர் படித்தார். மறுபடியும் படித்தார். பின்னால் நின்ற பள்ளிச் சேவகரை, பலகையைத் தூக்கு என்பதுபோல் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தேதி வாத்தியாரிடம் திரும்பினார்.

“மன்னர் எங்க சார்?”

“மன்னர் அடுத்த வருசம் வரட்டும் சார். அவருக்கு வருசா வருசம் இருக்கு. இந்தப் பிள்ள அஞ்சாவதோட நின்னுரும்.”

“சொன்னது ஞாபகமிருக்கில்ல?”

“இருக்கு சார்.”

“சரி, இதுக்கு என்ன ஆதாரம்?”

பூக்கூடையோடு வாயிலில் நின்றிருந்த பேச்சியம்மாளின் தாய் முன்னால் வந்தாள். அந்தப் பள்ளிக்குள் அவள் அதற்குமுன் கால் வைத்ததில்லை. “ஆதாரம்னா என்னங்க சாமி? பெத்தவ நான் நிக்கிறேன்ல?”

தலைமையாசிரியர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் சேவகர்மேல் எரிந்து விழுந்தார்.

“இங்க என்னய்யா வேடிக்க? போயி மணியடி!”

அன்று மேடையேறிய தேதி வாத்தியார் எதையும் நடித்துக் காட்டவில்லை. பேச்சியம்மாளைப் பக்கத்தில் நிறுத்தி, பலகையில் இருந்ததை அப்படியே படித்துவிட்டு இறங்கினார்.

பிற்பகலில் வானம் இருண்டது. ஏழாம் வகுப்பில் செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டில் முதல் துளி விழுந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தேதி வாத்தியார் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தம் குடையை விரித்து, இரு கைகளாலும் பலகையின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்தில் ஒரு துளியும் படவில்லை. அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

நான் என் குடையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டேன்.