சார்ந்திருப்பவர்: குட்டி, வயது 3

மனுவின் ஒன்பதாவது கட்டம்தான் சாவிக்காரரின் கையைக் கட்டிப்போட்டது. ‘மனுதாரரை மட்டுமே சார்ந்திருப்பவர்: பெயர், வயது, பாலினம்.’

அவருக்கு நாற்பத்தைந்து நாள் சிறை. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டதாக ஒருவன் கூப்பிட்டான். இவர் போய்ப் பூட்டைத் திறந்து கொடுத்தார். அது அவன் வீடில்லை. தொழில் சுத்தமாக இருக்கட்டும் என்று கீலுக்கு எண்ணெய் வேறு போட்டுவிட்டு வந்திருந்தார். அடையாளம் ஏதாவது கேட்டீரா என்றார் நீதிபதி. கேட்கவில்லைதான். அந்த வாரம் முழுக்க அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய ஒரே மனிதன் அந்தத் திருடன். அவனிடம் போய் அடையாளம் கேட்க மனசு வருமா?

திங்கட்கிழமையே உள்ளே போக வேண்டும். தண்டனை தொடங்கும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி மனு போடலாம் என்று சொன்னவர் கோர்ட்டு குமாஸ்தா. கடுமையான நோய், கைக்குழந்தை, இவரை விட்டால் கதியில்லாத ஆள் என்று ஏதாவது இருந்தால் நீதிபதி மனசு வைப்பார்.

சாவிக்காரர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். கதியில்லாத ஆள் வேண்டுமென்றால் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது.

அப்படி நினைத்தபோதே இரண்டாவது சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைதான் கிடையாது. குட்டி இருக்கிறதே.

குட்டி ஒரு சாம்பல் நிறப் பூனை. தினமும் மாலை ஏழு மணிக்கு மாடிப்படி ஏறி வரும். உடம்பெல்லாம் கலர் கலராய் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். எந்தக் குப்பையில் புரளுமோ. அவர் ஊற்றும் பாலை மரியாதைக்கு இரண்டு நக்கு நக்கிவிட்டு எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு அவர் திறந்த பூட்டுகளின் கதையைக் கேட்கும். அந்தக் கதையைக் கேட்க வேறு நாதி இல்லை.

கட்டம் காலியாக இருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. ‘குட்டி, 3, பெண்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

“அம்மா எங்கே?” என்றார் குமாஸ்தா.

“பெத்துப் போட்டுட்டு எங்கேயோ போயிருச்சுங்க.”

“பகல்ல யார் பாத்துக்கறது?”

“யார் பாப்பாங்க? தெருவுல சுத்திட்டுக் கிடக்கும்.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

விஷயம் விளங்கியது நீதிபதி உத்தரவை வாசித்தபோதுதான். ‘தாயால் கைவிடப்பட்ட இப்பெண் குழந்தையின் நலன் கருதி’ தண்டனை முப்பது நாள் தள்ளிவைக்கப்பட்டது. சாவிக்காரர் திருத்துவதற்காக வாயைத் திறந்தார். நீதிபதியோ கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் அப்படி மதிப்பாகப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வாயை மூடினால் வினை போய்விடுமா? குழந்தைகள் நல அதிகாரி வியாழக்கிழமை நேரில் வருவார் என்று கடிதம் வந்தது.

குட்டிக்குக் காய்ச்சல், இப்போது வர வேண்டாம் என்று பதில் எழுதினார். காய்ச்சல் என்றால் மருந்தோடு புதன்கிழமையே வருகிறோம் என்று பதில் வந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று அடுத்த கடிதம் போட்டார். கோர்ட்டு அனுமதி இல்லாமல் குழந்தையை அனுப்பியது தனிக் குற்றம், புதன்கிழமைக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று அதற்கும் பதில் வந்தது.

குழந்தை இருக்கிற வீடு மாதிரியாவது தெரியட்டும் என்று, கொடியில் காயப்போட ஒரு கவுன் தைக்கச் சொல்லக் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் போனார். போக அவருக்கு இஷ்டமே இல்லை. மாடியில் இவர் சாவிக்கு அரம் போட்டால் கீழேயிருந்து அந்தம்மா கழியால் கூரையைத் தட்டும். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

“யாருக்கு?” என்று கேட்டாள் டெய்லரம்மா.

“குட்டிக்கு.”

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அளவு கூடக் கேட்கவில்லை. மறுநாள் வந்த கவுன் முழம்கூட இல்லை, பின்பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை வேறு. கழிக்கு இருக்கிற வேகம் கத்தரிக்கு இல்லை என்று முணுமுணுத்தபடி, ஓட்டை தெரியாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக் காயப்போட்டார்.

புதன்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு அதிகாரியம்மா காய்ச்சல் மருந்தும் ஒரு பொம்மையுமாக வந்து உட்கார்ந்தார். “குட்டி எங்கே?” என்றார்.

“ஏழு மணிக்கு வந்துரும் மேடம்.”

“மூணு வயசுப் பொண்ணு தனியாவா?”

அவர் மேடத்துக்குக் காபி போட்டுக் கொண்டு வருவதற்குள் மணி ஏழாயிற்று. குட்டி படியேறி வந்து, மேடத்தின் மடியில் இருந்த கோர்ட்டுக் காகிதங்களின் மேல் ஏறிப் படுத்தது. முதுகில் ஒரு சிவப்பு நூல்.

சாவிக்காரர் பூனையைக் கைகாட்டினார். “அதுதாங்க,” என்றார்.

அதிகாரியம்மா பூனையைப் பார்த்தார், கொடியில் தொங்கிய கவுனைப் பார்த்தார். கோர்ட்டை ஏமாற்றினால் நாற்பத்தைந்து நாள் நாலு மாதமாகும், தெரியுமா என்று நிதானமாகக் கேட்டார்.

“குழந்தைன்னு நான் எழுதலை மேடம். என்னை நம்பி இந்த உலகத்துல யார் இருக்கான்னு அந்தக் காகிதம் கேட்டுச்சு. யோசிச்சுப் பாத்தேன். இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

அதிகாரியம்மா காகிதத்தைப் பூனைக்கடியிலிருந்து உருவி ஒன்பதாவது கட்டத்தைப் படித்தார். குட்டி என்றுதான் இருந்தது. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. வாயில்லா ஜீவனும் சார்ந்திருப்பதுதான், ஆனால் இவர் இல்லாவிட்டால் அது பட்டினி கிடக்கும் என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும், அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றார்.

அக்கம்பக்கத்தில் இருந்தது ஒரே ஒருத்தி. அவளைக் கூப்பிடுவதைவிட நாலு மாதமே தேவலை என்று சாவிக்காரருக்குத் தோன்றியது. அதற்குள் அதிகாரியம்மா படியருகே போய்க் குரல் கொடுத்துவிட்டார்.

கழுத்தில் அளவு டேப்போடு டெய்லரம்மா ஏறி வந்தாள். குட்டி மடியிலிருந்து குதித்து நேரே அவள் காலடிக்குப் போய் உரசி நின்றது. அவள் குனிந்து அதன் முதுகிலிருந்த சிவப்பு நூலை எடுத்து, பழக்கதோஷத்தில் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

“இந்தப் பூனைக்கு இவரை விட்டா வேற ஆள் இல்லைங்கறது உண்மையா?” என்றார் அதிகாரியம்மா.

டெய்லரம்மா சாவிக்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

“இது என் பூனை மேடம், மூணு வேளையும் என் வீட்டுலதான் சாப்பிடுது, மேல ஒருத்தர் பேச ஆளில்லாம சுவரோட பேசிக்கிட்டு இருந்தாரேன்னு நான்தான் தினமும் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து அனுப்பி வைக்கிறேன், அதனால அந்தக் கட்டத்துல குட்டி பேரை அடிச்சுட்டு இவர் பேரை எழுதிக்குங்க.”