மண்ணெண்ணெய் மாடலுக்கும் இவ்வாறே

அரைகுறையாகப் படித்தவன் கையில் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அக்காவின் கல்யாணமே சாட்சி.

எழுபதுகளில் அந்தமானின் ஹட் பேயில் எங்கள் வீட்டுப் பக்கம் மின்சாரம் கிடையாது. மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போன ஓர் அதிகாரியிடமிருந்து அப்பா மண்ணெண்ணெயில் ஓடும் பிரிட்ஜ் ஒன்றை வாங்கியிருந்தார். கல்யாண விருந்துக்காக அவரே பிடித்து வந்த சீலா மீன் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் கடல் கொந்தளிப்பு. போர்ட் பிளேரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய கப்பல் தாமதம்.

"மீன் தாங்குமாலே?" என்றார் அப்பா.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான்தான் (பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாம் முயற்சியில்). பிரிட்ஜோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். பக்கம் பக்கமாக மின்சார மாடலுக்கே விளக்கம். பிளக்கைச் சொருகுக. குளிர் போதாவிட்டால் குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருப்புக. கதவை அடிக்கடி திறவாதீர். எல்லாம் முடிந்தபின் போனால் போகிறது என்று ஒரே ஒரு வரி: 'மண்ணெண்ணெய் மாடலுக்கும் இவ்வாறே செய்க.'

செய்தேன். எங்கள் பெட்டியில் இருந்த ஒரே குமிழ், அடியில் எரிந்த விளக்கின் திரிக்கு உரியது. வலப்பக்கம் திருப்பியதும் விளக்கு அணைந்தது. நெருப்பு எரிகிற பெட்டி எப்படிக் குளிரும் என்று எனக்கு முன்பே சந்தேகம் இருந்ததால், புத்தகத்தின் மேல் மரியாதைதான் கூடியது. யாரும் கதவைத் திறந்துவிடாதபடி முக்காலி போட்டுக் காவலும் இருந்தேன்.

கப்பல் வந்துவிட்டது என்ற செய்திக்கு முன்பே வாடை வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"விளக்க ஏம்ல பந்த் பண்ணுன? அந்தச் சூட்டுலதான இது சில்லுன்னு தண்டா ஆவுது!"

மறுபடி வலை போடக் கடல் விடவில்லை. மீன்காரர் மகள் கல்யாணத்தில் மீன் இல்லை. அக்கா அழுதாள். அவளைப் பார்த்து நானும் அழுதேன். சத்தம் என்னுடையதுதான் அதிகம்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வழியெல்லாம் வாந்தியாம். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா இலையைப் பயத்தோடு பார்த்தார்.

"சம்பந்தி, மீனு கீனு உண்டா?"

"இல்லைங்க..." என்றார் அப்பா.

"மாதா காப்பாத்துனா! அந்த ரசத்த இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

அத்தான் வீட்டில் இன்றும் எங்களை ரசத்துக்குப் பேர்போன குடும்பம் என்றே நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது மின்சார பிரிட்ஜ்தான். ஆனாலும் அதன் குமிழைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. மெயின்லேண்டிலிருந்து யாராவது வந்து, தீவில் எப்படி வாழ வேண்டும் என்று எங்களுக்கு யோசனை சொன்னால், அக்கா மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"ஏந் தம்பி, மண்ணெண்ணெய் மாடலுக்கும் இவ்வாறேதானா?"