நிக்கானோரின் ரகசிய இடம்

படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது என்பது நிக்கானோருக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு நாளாக வடக்குக் காற்று பரானா ஆற்றுத் தண்ணீரை முகத்துவாரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது; கால்வாய்களில் தண்ணீர் வடிந்துகொண்டே போனது. இப்படிப்பட்ட நாளில் இந்தக் கிளைக் கால்வாய்க்குள் எந்தப் படகோட்டியும் நுழைய மாட்டான். குறுக்கு வழிக்கு ஆசைப்பட்டு இவர் நுழைந்திருந்தார்.

வேறு நாளாயிருந்தால் இறங்கித் தள்ளியிருப்பார். ஆனால் எதிரே மீன் பிடிக்க உட்கார்ந்திருந்தவர் பாஸ்குவால். தீவில் புதிதாகத் திறக்கும் விடுதிக்குத் தலைமைப் படகோட்டி வேலை காலியாக இருந்தது. அதற்கு ஆள் பார்க்கத்தான் மனிதர் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாள் மத்தில்தே, படகில் ஏறியதிலிருந்து முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கினாள். அந்த வேலை மட்டும் போட்டிப் படகோட்டி கொரேயாவுக்குப் போனால் நிக்கானோர் படகுத்துறையில் தலைகாட்ட முடியாது.

"ஏன் நின்னுட்டோம்?" என்றார் பாஸ்குவால்.

"இதுதான் சார் என் ரகசிய இடம்."

"படகு கொஞ்சம்கூட ஆடலையே?"

"ஆடினா டொராடோ மீன் கிட்டவே வராது. ரோஷக்கார மீனு."

பாஸ்குவால் மகிழ்ந்துபோய் மாத்தே பானத்தை உறிஞ்சினார். தண்ணீர் மேலும் ஒரு விரற்கடை இறங்கியது.

நிக்கானோருக்கு ஒரு யோசனை வந்தது. தூண்டிலை வீசி, தூரத்தில் முழுகிக் கிடந்த மரவேரில் கொக்கியை மாட்டி, படகையே மெல்ல இழுத்துவிடலாம். மாட்டினார், இழுத்தார். தூண்டில் கழி வில்லாக வளைந்தது. படகு அசையவில்லை.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய மீன்!" என்று பாஸ்குவால் எழுந்து நின்று கத்தினார். பெரிய ஆற்றில் போன படகுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. கொரேயா தன் வாடிக்கையாளர்களோடு முழு வேகத்தில் உள்ளே வந்தான். பத்தடி தள்ளி அவன் படகும் சேற்றில் உட்கார்ந்தது.

அவன் முகம் போன போக்கில் நிக்கானோருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எப்படி இருக்கு கொரேயா?"

"பிரமாதம்ணே. நானும் இங்கதான் வர்றதா இருந்தேன்," என்று சொல்லி அவனும் தூண்டிலை வீசினான்.

இரண்டு படகு நிற்பதைப் பார்த்து மூன்றாவது வந்தது. மூன்றைப் பார்த்து இன்னும் மூன்று. ஒருவரும் மாட்டிக்கொண்டதாக வாய் திறக்கவில்லை. ஆறு படகோட்டிகளும் ஒரு சாண் தண்ணீரில் பயபக்தியோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படகுகளுக்கு நடுவே ஒரு கொக்கு முழங்கால் நனையாமல் நடந்து போனது.

"கொக்கு நடக்குதே?" என்றார் பாஸ்குவால்.

"இந்தப் பக்கத்துக் கொக்குங்க நெட்டை சார். நீந்தப் பயப்படும்."

வேலை போயிற்று என்று நிக்கானோர் தூண்டிலைக் கீழே வைத்தார். அப்போதுதான் மத்தில்தே தொப்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறு படகுகளையும் விரல்விட்டு எண்ணினாள்.

"விடுதி என்னோடது, இவரு சும்மா துணைக்கு வந்தவரு," என்றாள் நிதானமாக. "தூங்குற மாதிரி இருந்தேனே தவிர, படகு மாட்டினப்பவே எனக்குத் தெரியும். படகு ஓட்ட நீங்க வேணாம், ஆனா சேத்தைக் காட்டி இத்தனை பேரை வரவழைச்சீங்களே, விடுதிக்கு ஆள் சேர்க்கிற வேலைக்கு நாளைலேர்ந்து வந்துடுங்க."