கைக்கு சாக்ஸ் போட்டவர்

ராமநாதபுரம் ஜில்லாவிலேயே காலுக்குச் செருப்பில்லாமல், கைக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் சாக்ஸ்காரர்தான். வேறு யாராவது உண்டென்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டேன்.

பரமக்குடியில், புகைந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை போர்டில்கூட இல்லை. ரேடியோ சாமான்கள் குத்தி வரும் கறுப்பு ஸ்பாஞ்சை அழுத்தினால் அதன் வழியே கரண்டு பாய்கிறது, விட்டால் முரண்டு பிடிக்கிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அன்றோடு மனுஷன் கெட்டார். கையை மூடினால் மோட்டார் ஓடவேண்டும், ஸ்விட்சைத் தொடவே கூடாது என்பது அவர் கட்சி. கையுறை தேடினார். பரமக்குடி வெயிலில் கையுறை விற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸை வாங்கி, விரல் விரலாக வெட்டித் தைத்து, உள்ளே ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பதித்தார்.

சோதனைக் காலத்தில் அதைக் கழற்றவே மாட்டார். மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சாப்பிடுவார். ஒவ்வொரு உருண்டைக்கும் மேசை மேலிருந்த மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கும்.

"என்னண்ணே இது?"

"சோறு பிசையிறத யோசிக்காம விட்டுட்டேன் தம்பி. வெள்ளக்காரன் கரண்டியில திங்கிறான், அவனுக்கு இந்தச் சிக்கலே இல்ல."

கரண்டி வாங்கவில்லை. கையை இறுக்கி மூடிக் கொஞ்ச நேரம் பிடித்தால்தான் ஓடும், மறுபடி பிடித்தால் நிற்கும் என்று மோட்டாரைத்தான் மாற்றினார்.

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். வீட்டுக்குப் பின்னாலேயே கிணறும் மிளகாய்க் கொல்லையும். மோட்டார் ஸ்டார்ட்டரை என் அய்யாவைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, அம்மா உட்பட. பக்கவாதம் வந்து அவருக்கு வலக்கையும் பேச்சும் போன பிறகு நான் தொட்டேன். நாலாம் நாள் மோட்டார் புகைந்தது. அய்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். நான் சாக்ஸ்காரரைக் கூப்பிட்டேன், மோட்டாருக்காகத்தான்.

வந்தவர் அய்யாவைப் பார்த்தார். அய்யா என்னைப் பார்த்து இடக்கையை இறுக்கி மூடினார்.

"ஏலே தம்பி, ஒன்ன அடிக்க ஓங்குறாக பாரு. இடக்கை தங்கமா இருக்கே!"

மூன்றாம் நாள் காயில் கட்டிய மோட்டாரோடு ஒரு சாக்ஸும், ஸ்டார்ட்டர்வரை எட்டும் நீளமான வயரும் வந்தன. அய்யா சாக்ஸை உதறி எறிந்தார். சாக்ஸ்காரர் அதை எடுத்துத் தூசி தட்டினார்.

"அய்யா, இது காலுக்குப் போட்டதில்ல, புதுசு."

அய்யா முறைத்தார்.

"சரி, ஒங்க மகனே மோட்டாரப் போடட்டும். அடுத்த வாரம் மறுபடியும் புகையும். எனக்கென்ன, இன்னொரு காயில் கட்டுன காசு."

அய்யா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடக்கையை நீட்டினார்.

கொல்லையில் ஸ்டார்ட்டர் டக்கென்றது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அய்யாவின் பாதி முகம் சிரித்தது. மீதிப் பாதிக்கு அந்த வசதி இல்லை. "அடி ஆத்தி, சிரிக்கிறாக!" என்று அம்மா ஓடிவந்தாள். அன்று மதியம் இரண்டு தம்ளர் கஞ்சி குடித்தார்.

அப்புறம் கஷ்டம் எங்களுக்குத்தான். அய்யாவுக்குக் கோபம் வந்தால் மோட்டார் ஓடும். காபித் தம்ளரைப் பிடித்தாலும் ஓடும். "எல்லாம் விதி" என்று ஆறுதல் சொல்ல வந்த மாமா பேசி முடிப்பதற்குள் தொட்டி வழிந்து, கொல்லைவாசலில் விட்ட அவர் செருப்பு மிளகாய்ச் செடிக்குப் போய்விட்டது. சாக்ஸ்காரரிடம் புகார் செய்தேன்.

"மிசினு சரியாத்தான் இருக்கு தம்பி. நீங்க அய்யாவக் கோவப்படுத்தாம இருங்க."

இரண்டு வருஷம் அய்யாதான் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினார். வியர்வையில் ஸ்பாஞ்சு நமத்துப்போகும். மாதம் ஒருமுறை சாக்ஸ்காரர் வந்து மாற்றிவிட்டுப் போவார்.

அய்யா இறந்த அன்று காலையில் சாக்ஸ்காரர்தான் முதல் ஆளாக வந்து நின்றார். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். நான் ஸ்டார்ட்டரைப் போட எழுந்தேன். சாக்ஸ்காரர் என்னைத் தடுத்து, அய்யாவின் இடக்கையில் சாக்ஸை மாட்டினார். அந்த விரல்களை மெல்ல மடக்கித் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். அதிசயமாகக் கரண்டும் இருந்தது. கொல்லையில் தண்ணீர் விழுந்தது.

"கடைசிக் குளியலுக்கு நீ மோட்டாரப் போட்டா அய்யா ஒத்துக்க மாட்டாக தம்பி" என்றார்.

அதுவரை எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.