இருநூற்று முப்பது வோல்ட்

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்கு, சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை சாம்பசிவன் டியூப்லைட் சுவிட்சைத் தட்டினார். தட்டியதும் அது எரிந்தது. சாம்பசிவன் பதறிப்போய் ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தார்.

அந்தத் தெருவில் டியூப்லைட் அப்படியெல்லாம் எரிவதில்லை. பொழுது சாய்ந்தால் கரண்ட் இளைத்துவிடும். சுவிட்சைப் போட ஒருவர், ஏணியில் ஏறிக் குழலைத் திருக ஒருவர், கீழே நின்று ஆறுதல் சொல்ல ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். பிறகு மூவரும் கைவிட்டு, ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பார்கள். நாற்பது கடை, நாற்பது ஜெனரேட்டர், ஒரே புகை.

சாம்பசிவன் விற்பது வெள்ளை வேட்டி. சபரிமலை சீசனுக்கென்று அவர் கறுப்பு வேட்டி கொள்முதல் செய்ததில்லை. வெள்ளையை நாலு நாள் வாசலில் தொங்கவிட்டால் போதுமானதாக இருந்தது.

பதினொரு வருஷம் பொறுத்தார். 2004-ல், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று புதிதாக ஒன்று வந்திருப்பதைக் கேள்விப்பட்டு மனுப் போட்டார். 'தினமும் மாலை ஆறு முதல் பத்து வரை எங்கள் தெருவில் 140 வோல்ட்டுக்கு மேல் வருவதில்லை. அதனால்தான் ஜெனரேட்டர், அதனால்தான் புகை. சுத்தமான கரண்ட் கொடுங்கள்' என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார்.

அந்தத் திங்கட்கிழமை காலைதான் ஆணையத்து ஆட்கள் வந்து, கடைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, பிளக்கைச் செருகி, அரக்குச் சீல் வைத்தார்கள். வோல்ட்டேஜைப் பதிவு செய்யும் பெட்டி. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்களாம். பெட்டியின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

பெட்டி வரும் சேதி, பெட்டிக்கு முன்னாலேயே மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீசுக்குப் போய்விட்டது.

சாம்பசிவன் வக்கீலுக்குப் போன் போட்டார்.

"கேசவ் சார், கரண்ட் நல்லா வருது."

"பேஷ்! அதுக்குத்தானே மனுப் போட்டேள்?"

"இருநூத்தி முப்பது சார். ஸ்டெபிலைசர் முள்ளு அசையாம நிக்கி."

வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்டாம்ப் பேப்பர்ல எவ்வளவுன்னு எழுதியிருக்கேள்?"

"நூத்தி நாப்பது."

"பெட்டி எவ்வளவுன்னு எழுதும்?"

சாம்பசிவன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொய்ச் சத்தியம்னா கிரிமினல் கேஸ்," என்றார் வக்கீல். "ஏழு வருஷம் வரைக்கும் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வோல்ட்டேஜ் இறங்கியாகணும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதேங்கோ."

செவ்வாய்க்கிழமை காலை சாம்பசிவன் பக்கத்து ஓட்டலுக்கு ஓடினார். ஓட்டல்காரர் பிச்சைக்கனியின் ஜெனரேட்டர்தான் தெருவிலேயே கரியது.

"வே பிச்சைக்கனி, ஜெனரேட்டரைப் போடும். புகையாவது சாட்சிக்கு வரட்டும்."

"அண்ணாச்சி, புகை கூடாதுன்னு கேஸ் போட்டதே நீங்கதானே!"

"இப்ப நான்தான் சொல்லுதேன். போடும்வே!"

"எதைப் போட? நேத்து வந்த கரண்ட்டைப் பாத்துட்டு, இப்பதான் வித்தேன். வித்துராவில இருந்து ஒரு எஸ்டேட்காரன் வந்து தூக்கிட்டுப் போறான். போன் பண்ணினா இன்னும் பத்து வாங்குவானாம். நம்ம தெருக்காரங்க கொடுக்கதுக்கு வரிசையில நிக்காங்க."

பாரம் கூடினால் வோல்ட்டேஜ் குறையும் என்பது சாம்பசிவனுக்குத் தெரியும். அன்று மாலை கடை வாசலில் 'இலவச இஸ்திரி' என்று பலகை வைத்தார். ஆரியசாலையிலிருந்து ஆறு இஸ்திரிக்காரர்களை வரவழைத்து ஆறு மின்சார இஸ்திரிப் பெட்டிகளைக் கொடுத்தார். பின்கட்டில் ஒன்பது வாளியில் ஒன்பது வாட்டர் ஹீட்டரைப் போட்டார். பிச்சைக்கனியின் கிரைண்டர் இரண்டையும் தூக்கி வந்து, அரிசி இல்லாமலே ஓடவிட்டார். தெரு முழுக்கத் துணி மூட்டையோடு வந்து நின்றது. ஒருவர் குளித்துவிட்டே போனார்.

முள் நடுங்கியது. இருநூற்றிருபது. இருநூற்றுப் பத்து. "இறங்கு, என் ராசா, இறங்கு," என்று சாம்பசிவன் ஸ்டெபிலைசரைத் தடவிக் கொடுத்தார்.

இருநூற்றைத் தொட்டபோது ஒரு ஜீப் வந்தது. அது நிற்பதற்கு முன்பே குதித்தவர் செக்‌ஷன் ஆபீஸ் என்ஜினியர் ஐயப்பன்.

"சாரே, லோடு கூடிப்போச்சு, அல்லே? ஒண்ணும் பேடிக்கண்டா, பயப்படாதீங்க. நான் இருக்கேன் அல்லோ!"

புதன்கிழமை மத்தியானத்துக்குள் தெருமுனையில் புது டிரான்ஸ்பார்மர் நின்றது. அந்தத் தெரு அதற்காகப் பதினொரு வருஷம் விண்ணப்பம் கொடுத்திருந்தது. முள் இருநூற்று நாற்பதில் போய் உட்கார்ந்தது.

வேறு வழியில்லாமல் சாம்பசிவன் செக்‌ஷன் ஆபீசுக்கே போனார்.

"ஐயப்பன் சாரே, ஒரு உபகாரம். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும், பழைய மாதிரி..."

"பழைய மாதிரின்னா?"

"மங்கலா. பதினோரு வருசமா கொடுத்தீங்களே, அதுல கொஞ்சம்."

ஐயப்பன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மனசிலாயி சாரே. என்னைப் பரீட்சை பண்ண ஆணையம் உங்களை அனுப்பியிருக்கு. இந்த ஆபீஸ் மங்கல் கரண்ட் கொடுத்ததே கிடையாதுன்னு போய்ச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு பெண்குட்டிங்க உண்டு சாரே."

"எனக்கு மூணு!" என்றார் சாம்பசிவன்.

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று மாலையிலிருந்து சாம்பசிவன் கடைக்கு எதிரே கம்பத்தடியில் இரண்டு லைன்மேன்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை வியாபாரிகள் சங்கம் பாராட்டுக் கூட்டம் வைத்தது. சங்கத் தலைவர் உச்சிமாகாளி பொன்னாடை போர்த்திவிட்டு, ஒரு தாளை விரித்து வாசித்தார்.

"'எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் குறை என்பதே இல்லை என்று மனமார உறுதி கூறுகிறோம்.' நாப்பது கடைக்காரங்களும் கையெழுத்துப் போட்டாச்சு அண்ணாச்சி. நாளைக்குப் பெட்டி எடுக்க வாறவங்க கையில கொடுக்கோம். நாப்பது பேரும் சாட்சிக்கு நிக்கோம்!"

"எதுக்கு நாப்பது பேரு?" என்றார் சாம்பசிவன் ஈனமான குரலில். "ஒருத்தர் போதாதா?"

"உங்களுக்கு நாங்க செய்யாம வேற யாரு செய்வா?"

கூட்டம் கலைந்ததும் சாம்பசிவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெட்டியிடம் போனார். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அன்றைய பதிவாவது விட்டுப்போகுமே. பிடுங்கினார். வரவில்லை. சுவரில் காலை ஊன்றிப் பிடுங்கினார். பிளக் வந்தது. பெட்டியும் வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. அரக்குச் சீல் ஏழு துண்டாகத் தரையில் கிடந்தது.

அரசாங்கச் சீலை உடைத்தால் எத்தனை வருஷம் என்று வக்கீலிடம் கேட்க அவருக்குத் தைரியமில்லை. பெட்டியைத் திரும்ப மாட்டிப் பிளக்கைச் செருகினார். வேட்டிக்குப் போடும் கஞ்சியில் குங்குமத்தைக் குழைத்து, உருட்டி, மூடியில் ஒட்டி, ஒரு ரூபாய் நாணயத்தால் அழுத்தினார். பார்வைக்கு முதல் சீலைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தபோது அதில் எறும்பு மொய்த்திருந்தது.

பத்து மணிக்கு ஆட்டோவில் விஜயம் வந்து இறங்கினாள். ஆணையத்தின் அட்டெண்டர். வாசலில் நாற்பது பேரும் சலவை வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். எதிரே இரண்டு லைன்மேன்களும் எழுந்து நின்றார்கள். உச்சிமாகாளி தாளைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார்.

விஜயம் உள்ளே வந்து பெட்டியைக் கழற்றினாள். சீலைப் பார்த்தாள். ஓர் எறும்பு அவள் விரலில் ஏறியது. அதையும் பார்த்தாள்.

சாம்பசிவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"அம்மா, நான்தான். சத்தியம் பண்ணினதும் நான்தான், சீலை உடைச்சதும் நான்தான். பெட்டியில இருக்க கணக்கைப் பாத்து எழுதிக்கோங்க. பொண்ணுங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன்."

விஜயம் வாசலில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"சும்மா இருங்க அண்ணாச்சி, வெளிய கேட்டுரப் போகுது. இதுக்குள்ள அந்தச் சிவப்பு பல்பைத் தவிர ஒண்ணும் கிடையாது. மெஷின் வாங்க இன்னும் ஆர்டரே ஆகல, வெறும் பெட்டி போன தெருவில எல்லாம் கரண்ட் தன்னால நல்லா வருதுன்னு எங்க சார் இதே மாதிரி இன்னும் முப்பது பெட்டி செய்யச் சொல்லியிருக்காரு!"