பீப்பா வந்தா குதிக்கணும்

அன்றைக்கு எனக்கு வைத்த வேலை ஒன்றுதான். உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போய்த் தேங்காயும் பூவும் வாங்கி வரணும்.

சாயந்திரம் என் நாத்தனார் வசந்தாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்னால் வந்த இரண்டு இடமும் காப்பியைக் குடித்துவிட்டு "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள்தான். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. இந்த இடமும் போனால் அவ்வளவுதான் என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமியார் பஸ் வரைக்கும் கூடவே வந்தார்.

"எங்கியும் நிக்காத. வாங்கினு அடுத்த பஸ்ஸுல வந்துடு."

"நான் எங்க அத்தை நிக்கப் போறேன்?"

நின்றேன்.

தேங்காயும் மல்லிகையும் நல்லபடியாக வாங்கியாச்சு. பஸ் வரக் காணோம். மண்டை பிளக்கிற வெயில். இடுப்பில் பாப்பா வேறு. பஸ் ஸ்டாண்டை ஒட்டின ஏழுமலை சைக்கிள் கடை நிழலில் ஒதுங்கினேன்.

உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதன் வயிற்றில் டிவி. காசு போட்டு ஆடுகிற பெட்டியாம், ஏழுமலை மெட்ராஸிலிருந்து புதிதாக இறக்கியிருக்கிறார்.

"கொரங்கு" என்றாள் பாப்பா.

குரங்குதான். ஒரு கட்டடத்து உச்சியில் நின்றுகொண்டு தார் பீப்பாய்களை ஒவ்வொன்றாய் உருட்டிவிடுகிறது. அதற்கும் மேலே ஒரு பெண் மாட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறாள். கீழே ஒரு குட்டை ஆள் சும்மா நிற்கிறான். கட்டடமோ தளத்துக்குத் தளம் சாய்ந்து கிடக்கிறது. எந்தக் கொத்தனார் மட்டம் பார்க்காமல் கட்டினாரோ.

"இன்னாப்பா இது, அந்தப் பொண்ண யாரும் எறக்க மாட்டாங்களா?"

"எட்டணா போட்டா நீயே எறக்கலாம்க்கா. குச்சிய ஆட்டினா நடப்பான், ஏணி ஏறுவான். பட்டன அமுத்தினா குதிப்பான். மூணு உசுரு" என்றார் ஏழுமலை.

எனக்கு வாய்த்தவருக்கே ஒரு உசுருதான். இவனுக்கு மூன்றா? பூப்பொட்டலத்தையும் பையையும் பெட்டி மேல் வைத்துவிட்டு எட்டணாவைப் போட்டேன்.

முதல் பீப்பாய் வந்தது. மரியாதையாக ஒதுங்கி வழிவிடலாம் என்று பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் ஒதுங்க இடமே வைக்கவில்லை. ஆள் போனான்.

"தாண்டுக்கா. நின்னு வேடிக்க பாத்தா?"

தாண்டறதா? எங்கள் வீட்டில் ஒரு முறத்தைத் தாண்டினாலே மாமியார் திரும்பி வந்து சுற்றிப் போகச் சொல்வார். அந்தப் பழக்கம் விரலிலும் இருந்தது போல. பீப்பாய் அவன்மேல் ஏறினபிறகுதான் பட்டனை அழுத்தினேன். இரண்டாவது உசுரும் போச்சு.

மூன்றாவது தரம் ஒரு சுத்தியல் தொங்குவதைப் பார்த்தேன். எடுத்தேன். வந்த பீப்பாயெல்லாம் தூள். அதே வேகத்தில் ஏணிக்குப் போனால் ஏற மாட்டேன் என்கிறான்.

"சுத்தியலு கையில கீற வரிக்கும் ஏற மாட்டான்க்கா."

"ஏன்? எங்க வூட்டுக்காரரு மம்முட்டிய தோள்ல போட்டுக்கினே பரண் ஏறுவாரே."

சுத்தியல் தானாக மறைந்தது. பீப்பாய் வந்தது. ஆட்டம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் பஸ்ஸும் வந்து, போயும் போச்சு.

சரி, அடுத்த பஸ் வரும்வரைக்கும்தானே என்று இன்னொரு எட்டணா போட்டேன்.

இதற்குள் பாப்பாவுக்கு என்னைவிட நன்றாகப் பிடிபட்டுவிட்டது. பீப்பாய் கிட்டே வரும்போதெல்லாம் என் காதில் "குதி" என்று கத்துவாள். நான் அமுக்குவேன். அவன் குதிப்பான். கூடவே நானும் குதிகாலைத் தூக்கிவிடுவேன். அப்படியே ஏணி ஏணியாக ஏறி, அந்தப் பெண் பக்கத்திலேயே போய் நிறுத்திவிட்டேன்.

குரங்கு ஒரு கையால் அவளைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேலே ஏறிப் போய்விட்டது.

"இன்னாப்பா அநியாயம்?"

"இது மொத கட்டம்தான்க்கா. இன்னும் கீது. அக்கா, அது உங்க ஊரு பஸ்ஸு இல்ல?"

"இரு, இவன் ஒருத்தன்தான் மிச்சம் கீறான்."

மூன்றாவது பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தேன். மாமியார் பூப்பொட்டலத்தைப் பிரித்தார். பெட்டிச் சூட்டில் மல்லிகை மசிந்து கிடந்தது.

"இன்னாமே இது, வெந்த கீரையாட்டம்?"

"வெயிலு அத்தை."

"இம்மா நேரம்?"

"ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு அத்தை."

பொய் இல்லை. போனதை நானே பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் காஞ்சிபுரத்தில் நூல் கடையில் வேலை. பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா மட்டும் எங்கள் கூரையிலிருந்து குடம்வரை எல்லாவற்றையும் பார்த்தார். வசந்தா அந்தக் கீரையைத் தலையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். என் வீட்டுக்காரர் மழையைப் பற்றி ஆரம்பித்தார், அந்தப் பேச்சு ஓடவில்லை, ஏனென்றால் மழையே பெய்யவில்லை.

மாமியார் தாம்பூலத் தட்டை எடுத்தார். எதிரே நான் காப்பித் தட்டோடு வந்தேன். அவர் தட்டைத் தூக்கின வேகத்தில் தேங்காய் ஒன்று நழுவித் தரையில் விழுந்து, நேராக என் காலைப் பார்த்து உருண்டு வந்தது.

சுபகாரியத் தேங்காய். கால் பட்டால் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. எல்லார் கண்ணும் என் காலில்.

"குதி" என்றாள் வசந்தா பக்கத்தில் நின்ற பாப்பா.

குதித்தேன். காப்பியும் என்னோடு குதித்து, முக்கால்வாசி திரும்பி டம்ளருக்கே வந்தது. தேங்காய் என் அடியில் புகுந்து நேரே பெஞ்சுக்குப் போனது.

"குதி" என்றாள் மறுபடி.

மாப்பிள்ளை உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு காலையும் மேலே தூக்கினார். அது பெரிசில்லை. அவருடைய வலது கட்டைவிரல் தன் தொடையை அழுத்தமாக ஒரு அமுக்கு அமுக்கினதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"எத்தினியாவது கட்டம்க்கா?" என்றார், மெதுவாக.

"ரெண்டு."

"சுத்தியல மட்டும் எடுக்காதீங்க."

கதவோரம் களுக்கென்று சிரிப்பு. மாப்பிள்ளை அப்போதுதான் தலையை நிமிர்த்தி வசந்தாவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்க்கவே இல்லை.

என் மாமியார் முகம் கறுத்துப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்த் தேங்காயை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் காலு படாம தாண்டிட்டாங்களே. இதவிட இன்னா சகுனம் வோணும்? தட்ட மாத்திக்கலாம் சம்பந்தி."

"எங்க மருமவ எப்பவும் இப்படித்தான்" என்றார் மாமியார். "சாமி பொருளுன்னா காலு தரையிலயே நிக்காது."

நான் அடக்கமாகக் காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாசம் வசந்தா கல்யாணம் நல்லபடி நடந்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பெண்ணைத்தான் இன்னும் என்னால் கீழே இறக்க முடியவில்லை.