முசேவுக்கு ஒரு சிப்

நாயின் தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்துவதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று தெய்வசிகாமணி தன் வீட்டு வாசலில் நின்று வீராவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய நாய் ஓடிப்போயிற்று.

கேட்டைத் திறந்துவைத்தவர் அவரேதான். ரெட்டியார்பாளையம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்ததும் "நம்ம வீட்லயே வைங்க" என்று கையைத் தூக்கியவரும் அவர்தான். அதற்குக் காரணம் இருந்தது. உள்ளறையில் அவர் மனைவி சொர்ணம் படுத்திருந்தாள். இனிமேல் வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நாலு பேர் நடுவில் நின்று ஏதாவது கோமாளித்தனமாகப் பேசினால் உள்ளே அவள் சிரிப்பாள். தெய்வசிகாமணிக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சங்கச் செயலாளர் கலியபெருமாள் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். அவருக்கு எல்லாமே பிரான்சில்தான் ஒழுங்கு.

"பிரான்சுல சிப் இல்லாத நாயே கிடையாது. இன்சூரன்ஸும் போட்டுடுவான். நம்ம தெருவுலயும் கட்டாயமாக்கணும்னு நகராட்சிக்கு மனு குடுப்போம்" என்றார்.

தெய்வசிகாமணி எழுந்தார்.

"நான் மில்லுல இருந்தப்போ எனக்கும் ஒரு நம்பர் குடுத்து சட்டையில குத்தினாங்க. மில்ல மூடினப்புறம் அந்த நம்பரை வச்சிகினு ஒருத்தனாவது 'அடடா, நம்ம ஆளைக் காணோமே'ன்னு தேடி வந்தானா? மனுசனுக்கே ஆவாத நம்பர் நாய்க்கு எதுக்கு? இன்சூரன்ஸாம்! நாய் செத்தா எனக்குக் காசு குடுப்பாங்களாம். நான் செத்தா நாய்க்கு யாரு குடுப்பா?"

உள்ளிருந்து சிரிப்பும் இருமலும் கலந்து கேட்டது. தெய்வசிகாமணிக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"என் நாய்க்குச் சிப்பு என் குரல்தான்யா. எங்க இருந்தாலும் ஒரு சத்தம் குடுத்தா வந்து நிக்கும். பாக்கிறீங்களா? முசே!"

யாரும் வரவில்லை.

"முசே! டேய் முசே!"

எதிர்வீட்டுப் பூனை மட்டும் திரும்பிப் பார்த்தது. கலியபெருமாள் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். பிறகு தெய்வசிகாமணியைப் பார்த்தார்.

"வுவாலா" என்றார், 'பார்த்தீரா' என்பதைப் பிரெஞ்சில்.

முசே செம்பட்டை நிறத் தெருநாய். கடற்கரைச் சாலையில் காலைநடை போகிற வெள்ளைக்காரத் துரை மாதிரி பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைப்பான் என்று, பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படச் சொர்ணம் வைத்த பெயர். அவள் வைத்தியத்துக்குப் போய் வந்த நாளெல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தவன். சாயங்காலமானால் அவள் கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவாள்; அவன் நக்குவான். அப்போதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது அது மட்டும்தான். சோறும் பிடிக்கவில்லை, டிவியும் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவனைத் தொலைத்துவிட்டேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? போகிற உயிர் இந்தக் கவலையையும் சுமந்துகொண்டா போக வேண்டும்?

"முசேவை எங்க காணோம்?" என்றாள் சொர்ணம், மறுநாள்.

"உண்ணி புடிச்சிருக்கு. மருந்து தடவி மாடியில கட்டியிருக்கேன்."

"சத்தமே காணோமே."

சத்தம் வேண்டுமென்றால் கொடுத்துவிடலாம் என்று தெய்வசிகாமணி மொட்டைமாடிக்குப் போனார். செல்போனில் நாய் குரைக்கும் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்து, சத்தத்தை முழுசாக வைத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்தார். நாய் அருமையாகக் குரைத்தது. கீழே இறங்கி வந்து பெருமையாக உட்கார்ந்தார். குரைப்பு நின்றது. ஒரு பெண் குரல், செய்கூலி சேதாரம் இல்லாமல் தங்கம் வாங்க அழைத்தது.

"மாடியில யாருங்க நகை வாங்கச் சொல்றது?"

"பக்கத்து வீட்டு டிவி."

"ம்" என்றாள் சொர்ணம். கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து நோட்டீஸ். தெய்வசிகாமணிக்கு மெயின் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது, காகிதத்துக்குப் பஞ்சமில்லை. படத்துக்குத்தான் பஞ்சம். முசேவைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் சொர்ணம் இருந்தாள், உடம்பு நன்றாக இருந்த காலத்துச் சொர்ணம். அவளை வெட்டிவிட்டு நாயை மட்டும் எடுக்க முயன்றார். கத்தரிக்கோல் அவள் தோள்வரை வந்து நின்றுவிட்டது. கடைசியில் அப்படியே அடித்து, 'காணவில்லை' என்று மேலே போட்டு, தன் நம்பரைக் கீழே போட்டு, இந்திரா காந்தி சிலை வரைக்கும் ஒட்டிவிட்டு வந்தார்.

அன்று மாலையே போன் வரத் தொடங்கியது.

"சார், அம்மா எப்போதிலிருந்து காணோம்?"

"அம்மா வீட்லதான் இருக்காங்க. பக்கத்துல இருக்கிறது."

"பக்கத்துல நாய்தானே இருக்குது?"

"அதான்யா!"

ஒருத்தர் விழுப்புரம் பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். நல்லாத்தான் இருந்தாங்க, ஜன்னலோரமா உக்காந்து சிரிச்சிகினே போனாங்க என்றார். தெய்வசிகாமணி போனை வைத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் அத்தனை நோட்டீசையும் கிழித்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் அந்த அதிர்ஷ்டம் அடித்தது. ஒருநாள் காலை கடையைத் திறக்கப் போனால், படியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அதே செம்பட்டை. அதே மடிந்த இடது காது. அதே வெள்ளை நெஞ்சு. பிஸ்கட்டை நீட்டி "முசே" என்றார்; வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அவருக்காகவே காத்திருந்த மாதிரி வந்தது.

குறைகள் இரண்டு. முசேவின் வால் நுனி வெள்ளை; இதற்கு இல்லை. அது பெரிதல்ல. பெரிது என்னவென்றால், முசே ஆண். இது மதாம்.

பெரிய குறையை மூட வழியில்லை. சின்னதை மூடக் கடையிலேயே பொருள் இருந்தது. எழுத்துப்பிழை அழிக்கிற வொய்ட்னரை எடுத்து வால் நுனியில் பூசினார். காயும்வரை வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்த காலேஜ் பெண் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் கூட்டிப்போகும்முன் இன்னொரு ஏற்பாடும் செய்தார். கை துடைத்துவிடுகிற சாக்கில் சொர்ணத்தின் விரல்களில் மீன்குழம்பைக் கொஞ்சம் தடவினார்.

"கையில இன்னாங்க மீன் வாசனை?"

"டெட்டால் தீந்துபோச்சு."

நாய் வந்தது. மோந்து பார்த்தது. நக்கியது. சொர்ணம் அதன் தலையை மெல்லத் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"எளச்சிட்டான் இல்ல?"

"உண்ணி மருந்து."

வால் சந்தோஷத்தில் ஆடி, போர்வையில் வரிசையாக வெள்ளைக் கோடு போட்டது. தெய்வசிகாமணி பாய்ந்து போர்வையை உருவினார்.

"அதுவும் உண்ணி மருந்தா?" என்றாள் சொர்ணம்.

"கழுவினா போயிடும்."

"வால் போயிடாம பாத்துக்குங்க."

அவளுக்குக் கண் மங்கிவிட்டது, மாத்திரை மயக்கம் வேறு, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் வருத்தமாக இருந்தது. அவளுக்குக் கண் மங்கியதில் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே!

ஆனால் இந்த முசே தயிர்சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் மட்டும்தான் தின்றது. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலாட்சி வாசலில் அன்னக்கூடையை இறக்கியதுதான் தாமதம், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, அவள்மேல் ஏறி, முகமெல்லாம் நக்கித் தீர்த்துவிட்டது.

"இன்னாண்ணே, முசே இப்பல்லாம் மீன் திங்குதா?" என்றாள் அஞ்சலாட்சி, நாயைப் பார்க்காமல்.

"வயசானா நாக்கு கேக்கும். நீ கொஞ்ச நாளைக்கு வராத. சொர்ணத்துக்கு மீன் வாசனை ஆவல."

"நேத்துகூட அக்கா சங்கரா மீன் கேட்டாங்களே."

"போன்னா போயேன்!"

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். நாயின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அது தெருமுனை வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மீன் போன துக்கம் என்று தெய்வசிகாமணி அதை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஞாயித்துக்கிழமை சிப் போடற கேம்ப்பாமே" என்றாள் சொர்ணம்.

"கட்டாயம் ஒண்ணும் இல்ல. மனு இன்னும் போய்ச் சேரல."

"எனக்குக் கட்டாயம்."

"நீ அன்னைக்கு என் பேச்சைக் கேட்டுச் சிரிச்சியே!"

"சிரிச்சேன். பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க பேருல போட்டுடுங்க. என் பேரு வேணாம். இன்சூரன்ஸும் போடுங்க. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நீங்க யாருகிட்ட ஓடுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார்.

கேம்ப் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கலியபெருமாள் வாலண்டியர் பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். தெய்வசிகாமணியைக் கண்டதும் அவர் முகத்தில் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. "கொள்கை இன்னா ஆச்சு, தெய்வம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வேண்டாம் என்பதுபோல் டோக்கனைக் கையில் திணித்தார்.

டாக்டர் சுடர்விழி சின்ன வயசுப் பெண்.

"பேரு?"

"முசே."

டாக்டர் குனிந்து பார்த்தார். "சார், இது பெண் நாய்."

"வீட்ல செல்லமா அப்படிக் கூப்பிடறது."

"வாலில் இது என்ன பெயின்ட்?"

"அதுவும் செல்லமாத்தான்."

ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வழக்கமாம். டாக்டர் கையடக்கக் கருவி ஒன்றை நாயின் கழுத்தோரமாக நகர்த்தினார். அது கீக் என்றது.

"இதுக்குச் சிப் இருக்கு, சார்." டாக்டர் செல்போனில் நம்பரைத் தட்டினார். "பேரு ரோசி. போன வருஷம் மீனவர் கிராமங்களில் இலவசமா போட்டது. ஓனர் அஞ்சலாட்சி, பிள்ளைச்சாவடி." தலை நிமிர்ந்தார். "நீங்க யாரு சார்?"

பக்கத்து மேஜையில் இருந்த இன்சூரன்ஸ்காரர், அதுவரை நீட்டிக்கொண்டிருந்த பேனாவை மெதுவாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பிரான்சுல இதுக்கு ஜெயில்" என்றார் கலியபெருமாள். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை. தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்ததும் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டாக்டர் போன் செய்தார். அஞ்சலாட்சி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருப்பாள் போல. முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது. ரோசி ஊளையிட்டுக்கொண்டு அவள் காலைச் சுற்றியது.

தெய்வசிகாமணி அவளை வேப்பமரத்துப் பக்கம் அழைத்துப்போனார். கை கூப்பினார்.

"அஞ்சலாட்சி, நான் திருடல. தானா வந்து கடைப்படியில உக்காந்திருந்துச்சு. எங்க முசேவை நான்தான் தொலைச்சுட்டேன். இது தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் உன் நாயை விட்டுவை. போலீசுக்கு வேணும்னாலும் சொல்லிக்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

"அண்ணே, கையை இறக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அவர் கையை இறக்கினார். இறக்கியபிறகுதான் ஒன்று உறைத்தது.

"ஆமா... பிள்ளைச்சாவடி எங்க, என் கடை எங்க? இது எப்படி அங்க வந்துச்சு?"

அஞ்சலாட்சி ரோசியின் காதை நீவிக்கொண்டே இருந்தாள்.

"சுத்தி வளைக்காத. நேராச் சொல்லு."

"நான்தாண்ணே ஆட்டோவுல கொண்டாந்து விட்டேன்" என்றாள் அவள். "முசே அன்னைக்கே விழுப்புரம் ரோட்டுல லாரியில அடிபட்டுப் போயிட்டான், நீங்க இல்லாத நேரமாப் பாத்து அக்காகிட்ட அப்பவே சொல்லிட்டேன், ஒரு மூச்சு அழுதாங்க, அப்புறம் கண்ணைத் தொடச்சிகினு, 'இது அவருக்குத் தெரிய வேணாம் அஞ்சலாட்சி, நான் போனப்புறம் கதவைத் தொறந்தா அவருக்குன்னு ஒரு ஜீவன் ஓடியாரணும், அவனை மாதிரியே இருக்கிற உன் ரோசியைக் குடுக்கிறியா'ன்னு கேட்டாங்க."